4 டெராபைட் வாங்கினேன், மீதி எங்கே?

களுவாஞ்சிக்குடியில் மாமாவின் போட்டோ ஸ்டூடியோவைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாண வீடியோக்களைச் சேர்த்து வைக்க 4 டெராபைட் வன்தட்டு ஒன்று வாங்கி, ஸ்டூடியோவில் இருக்கும் பழைய விண்டோஸ் 7 கணினிக்குள் பொருத்தினாராம். விண்டோஸ் அதை இரண்டாக வெட்டிக் காட்டுகிறது: 2048 ஜிபி ஒரு பக்கம், 1678 ஜிபி மறுபக்கம். முதல் பகுதியில் வேலை நடக்கிறது, 300 ஜிபி அளவுக்கு வீடியோக்களும் போட்டாயிற்று. இரண்டாவது பகுதியைத் தொட்டால் ஒரு தெரிவும் உயிரோடு இல்லை. இரண்டையும் கூட்டினாலும் 4000 வரவில்லை, 3726தான் வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்கிறார் மாமா. தட்டைத் திருப்பிக் கொடுப்பதா?

கொடுக்க வேண்டாம் தங்கச்சி. தட்டிலும் குறை இல்லை, கடைக்காரரிலும் குறை இல்லை. இரண்டு வெவ்வேறு சங்கதிகள் ஒரே நாளில் உங்கள் முன்னால் வந்து நின்றதால் ஒரே களவு போலத் தெரிகிறது.

சின்னச் சங்கதியை முதலில் முடித்துவிடுகிறேன். வன்தட்டு செய்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸுக்கு ஒரு ஜிபி என்றால் 1,073,741,824 பைட். உங்கள் தட்டில் இருப்பது 4,000,787,030,016 பைட்; அதை விண்டோஸின் ஜிபியால் வகுத்துப் பாருங்கள், 3726 வரும். ஒரே நெல்லைச் சின்ன மரைக்காலால் அளந்தால் எண்ணிக்கை கூடும், பெரிய மரைக்காலால் அளந்தால் குறையும். குவியல் அதே குவியல்தான். இந்தக் குழப்பம் தீர வேண்டும் என்று 1998இல் பெரிய மரைக்காலுக்கு ‘ஜிபிபைட்’ என்று தனிப் பெயரே வைத்தார்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாமல் இன்றும் ஜிபி என்றே எழுதுகிறது. ஆப்பிள் கணினிகள் 2009இல் சின்ன மரைக்காலுக்கு மாறிவிட்டன. உங்கள் தட்டை அவற்றில் மாட்டினால் 4 டெராபைட் என்றே காட்டும், மாமாவும் சமாதானமாகிவிடுவார்.

2048 என்ற எண்தான் பேச வேண்டிய எண்.

தட்டில் இடம் இருப்பது ஒன்று, அந்த இடத்தின் விலாசத்தை எழுத முடிவது இன்னொன்று. உங்கள் தட்டு 512 பைட் கொண்ட சின்னத் துண்டுகளாக, அதாவது செக்டர்களாக, தன்னைக் கணக்குக் காட்டுகிறது. மொத்தம் 7,814,037,168 செக்டர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை எழுதும் படிவத்தில் எத்தனை கட்டம் போடுவது என்று எப்போதோ ஒருவர் தீர்மானித்துவிட்டார். கட்டம் நிரம்பியதும் அதற்கு அப்பால் உள்ள செக்டர்கள் இருந்தும் இல்லாதவைதான்.

நம்முடைய பழைய தேசிய அடையாள அட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்த ஆண்டுக்கு இரண்டே இலக்கம். 1905இல் பிறந்த பூட்டிக்கும் 2005இல் பிறந்த பேத்திக்கும் 05 என்றே தொடங்க வேண்டியிருக்கும். அதனால்தான் 2016இல் ஆண்டை நான்கு இலக்கமாக எழுதும் 12 இலக்க எண்ணுக்கு மாறினார்கள். ஆட்கள் கூடியது பிரச்சினை இல்லை, படிவத்தில் கட்டம் போதாததுதான் பிரச்சினை. கணினியில் ஒரு கட்டத்தில் பூச்சியமோ ஒன்றோ மட்டும்தான் எழுதலாம். அதற்குப் பிட் என்று பெயர். ஒரு பிட் கூடினால் விலாசங்கள் இரட்டிக்கும்.

இதில் ஒரு சிக்கல், விலாசம் ஒரு கையோடு போய்ச் சேர்வதில்லை. எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் கோப்பு முறைமை, விண்டோஸ் போன்ற இயங்குதளம், தட்டு எப்படிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை, கணினியைத் தொடக்கி வைக்கும் பயோஸ், தட்டுக்குப் போகும் இணைப்பு என்று பல கைகள் மாறுகிறது. ஒவ்வொருவரிடமும் அவரவர் படிவம். வாய்க்கால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வயலுக்குள் வருவது வக்கடை விடுகிற தண்ணீர்தான். பல வக்கடைகள் இருந்தால் அவற்றில் ஒடுங்கியதுதான் கணக்கு.

நான் தொழில் பழகியது கொழும்பில், 1997இல். முதல் மாதத்திலேயே 1.2 ஜிபி தட்டு ஒன்றைப் பழைய 486 கணினியில் பூட்டினேன். திரையில் 504 எம்பி என்று வந்தது. தட்டு பழுது என்று முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் தட்டைக் கையில் வாங்கவே இல்லை. “எவ்வளவு காட்டுது?” என்று மட்டும் கேட்டார். 504 என்றதும் சிரித்துவிட்டு, ஒரு தாளில் மூன்று எண்களை எழுதித் தந்தார்: 1024, 16, 63.

அந்தக் காலத்தில் செக்டருக்கு ஒற்றை எண் கிடையாது. நம் வேளாண்மைக் காணிக்கு ‘இந்த வட்டை, இந்தக் கண்டம், இத்தனையாவது வரவை’ என்று அடையாளம் சொல்வது போல மூன்று எண்கள்: எந்த சிலிண்டர் (தட்டிலுள்ள வட்டப் பாதை), எந்தத் தலை (வாசித்து எழுதும் முனை), எத்தனையாவது செக்டர். பயோஸின் படிவத்தில் சிலிண்டருக்கு 10 பிட், தலைக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட். தட்டின் இணைப்பை வகுத்தவர்களின் படிவத்திலோ சிலிண்டருக்கு 16, தலைக்கு 4, செக்டருக்கு 8. பயோஸ் தனியாக 8.4 ஜிபி வரை விலாசம் எழுதக்கூடியது. இணைப்பின் படிவம் அதைவிடத் தாராளம், ஏறத்தாழ 137 ஜிபி. இரண்டையும் ஒன்றாகப் பூட்டினால் ஒவ்வொரு கட்டத்திலும் எது குறுகலோ அதுதான் தேறும்: 10, 4, 6. அதாவது 1024 சிலிண்டர், 16 தலை, 63 செக்டர். செக்டர் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்காமல் ஒன்றில் தொடங்குவதால் 64 அல்ல, 63. எல்லாவற்றையும் பெருக்கி 512ஆலும் பெருக்கினால் 528,482,304 பைட். பெரிய மரைக்காலில் 504 எம்பி. ஒருவர் 8 ஜிபி தாங்குவார், மற்றவர் 137 ஜிபி தாங்குவார், இருவரும் சேர்ந்தால் அரை ஜிபி. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்றவர் இந்த இருவரையும் பார்க்கவில்லை.

இதைக் கடக்கக் கண்டுபிடித்த வழி, பொய் சொல்வது. பயோஸ் சிலிண்டர் எண்ணைப் பாதியாக்கித் தலை எண்ணை இரட்டித்து இயங்குதளத்திடம் சொல்லும். போதாவிட்டால் மறுபடி பாதி, மறுபடி இரட்டிப்பு. 255 தலை கொண்ட வன்தட்டு என்று அன்றைய திரைகளில் காட்டியதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு தட்டு உலகில் எங்கும் இருந்ததில்லை. மூடியைக் கழற்றினால் இரண்டு அல்லது நான்கு தலைதான் இருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரே அளவு செக்டர் என்பதும் பொய்தான். வெளி வட்டம் பெரிது, அதில் கூடுதலாகவே எழுதுவார்கள். பொய்யின் உதவியோடு 8.4 ஜிபி வரை ஓடினார்கள். இடையில் சில பயோஸ்கள் சிலிண்டருக்கு 12 பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல் 2.1 ஜிபியில் நின்றன. அதே காலத்தில் ஃபேட்16 கோப்பு முறைமையும் ஒரு பார்ட்டிஷனுக்கு 2 ஜிபிக்கு மேல் போகாது என்றதால், எந்தக் குற்றம் யாருடையது என்று பிரித்தறிவதே ஒரு தொழிலாக இருந்தது.

பிறகு மூன்று எண்களையும் தூக்கி வீசிவிட்டு, முதல் செக்டர் 0, அடுத்தது 1 என்று நேர் எண்ணிக்கைக்கு வந்தார்கள். எல்பிஏ என்பது அதுதான். அப்போதும் சில பயோஸ்கள் உள்ளுக்குள் பழைய மூன்றெண் கணக்கையே வைத்திருந்து 33.8 ஜிபியில் உறைந்து நின்றன. அதற்காகத் தட்டுகளின் பின்புறம் கறுப்பு நிற ஜம்பர் ஒன்று, இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி, வந்தது. அதைச் செருகினால் தட்டு தன்னை 32 ஜிபி என்று குறைத்துச் சொல்லும். அந்த ஜம்பரைக் கழற்ற மறந்து புதிய கணினிக்கு மாற்றிவிட்டு, தட்டு சுருங்கிவிட்டது என்று வந்தவர்கள் உண்டு. நகத்தால் இழுத்தால் போதும், கூலி வாங்கவே வெட்கமாக இருக்கும்.

அடுத்த வக்கடை 28 பிட். நேர் எண்ணிக்கை வந்தாலும், தட்டுக்கு அனுப்பும் கட்டளையில் விலாசத்துக்கு 28 பிட்தான் இடம் இருந்தது. 2இன் 28ஆம் அடுக்கை 512ஆல் பெருக்கினால் 137.4 ஜிபி, விண்டோஸில் 128. தட்டுகள் அதைத் தாண்டியதும், 2002இல் வந்த ஏடிஏ-6 என்ற இணைப்புத் தரத்தில் 48 பிட் ஆக்கினார்கள். அது 144 பெட்டாபைட் வரை போகும், ஆகவே அந்தக் கதவைப் பற்றி இனிக் கவலை இல்லை. ஆனால் முதலில் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 48 பிட் தெரியாது. சர்வீஸ் பேக் 1இலிருந்துதான் தெரியும்.

இங்கே நானே செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2005 அளவில், மட்டக்களப்பில் கடை போட்ட புதிதில், ஒருவரின் கணினிக்கு எக்ஸ்பியை மறுபடி ஏற்றிக் கொடுத்தேன். 160 ஜிபி தட்டு. சி பகுதி 40, மிச்சம் டி பகுதி. கையில் இருந்தது சர்வீஸ் பேக் இல்லாத முதல் சிடி. டி பகுதியைத் திறந்து பார்த்தேன், படங்கள் எல்லாம் வந்தன, திருப்தியோடு அனுப்பினேன். இரண்டு வாரத்தில் கணினி திரும்பி வந்தது. விண்டோஸ் ஏறவே இல்லை. அவர் டி பகுதியில் புதிய படங்களை நிரப்பிக்கொண்டே போயிருக்கிறார். எழுத வேண்டிய இடம் 137 ஜிபியைத் தாண்டியதும், 28 பிட்டுக்குள் அடங்காத மேல் இலக்கம் வெட்டுப்பட்டு, மிச்ச இலக்கங்கள் மட்டும் தட்டுக்குப் போயிருக்கின்றன. தட்டின் கடைசியில் விழ வேண்டிய படம் தட்டின் தலைமாட்டில், விண்டோஸின் மேலேயே, விழுந்திருக்கிறது. பஸ்ஸின் கிலோமீட்டர் மானி 99999க்குப் பிறகு 00000 என்று சுற்றி வருமே, அதே சுற்று. பிழைச் செய்தி எதுவும் வராது. கட்டம் நிரம்பியதும் ‘முடியாது’ என்று நின்றுவிடும் எல்லையை நான் மதிக்கிறேன். நிற்காமல் சுற்றி வந்து உங்கள் பழைய கோப்பின் மேல் எழுதுகிற எல்லைதான் குடியைக் கெடுப்பது.

அந்த வகையில் உங்கள் 2048 நல்ல பிள்ளை, அது நின்றுவிட்டது.

அது நின்ற இடம் பார்ட்டிஷன் அட்டவணை. தட்டின் முதல் செக்டரிலேயே எம்பிஆர் என்ற பழைய அட்டவணை எழுதப்படுகிறது. நான்கு வரி, வரிக்கு 16 பைட். ஒவ்வொரு வரியிலும் ‘எங்கே தொடங்குகிறது’ என்பதற்கு 32 பிட், ‘எத்தனை செக்டர்’ என்பதற்கு 32 பிட். 2இன் 32ஆம் அடுக்கு 4,294,967,296. அதை 512ஆல் பெருக்கினால் 2.2 டெராபைட், பெரிய மரைக்காலில் அச்சாக 2048 ஜிபி. அதற்கு அப்பால் தொடங்கும் பகுதியின் விலாசத்தை அந்த வரியில் எழுதவே முடியாது. அதனால்தான் 1678 ஜிபியில் எந்தத் தெரிவும் வரவில்லை. இதை வகுத்தவரைத் திட்ட மனம் வரவில்லை. இந்த அட்டவணை 1983இல் ஐபிஎம் எக்ஸ்டி கணினியோடு வந்தது. அதிலிருந்த வன்தட்டு 10 எம்பி. கையில் இருந்ததைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கு இடம் விட்டுத்தான் அவர் கட்டம் போட்டிருக்கிறார். வீட்டுக்கு அத்திவாரம் போடும்போது அவ்வளவு யோசிக்கிறவர் யார்?

இதற்கு மாற்று ஜிபிடி என்ற அட்டவணை. விலாசத்துக்கு 64 பிட். தட்டின் முன்னால் ஒரு பிரதி, கடைசியில் இன்னொரு பிரதி. பழைய மென்பொருள்கள் வெறும் தட்டு என்று நினைத்து அழித்துவிடாதபடி, முதல் செக்டரில் ‘இந்தத் தட்டு முழுவதும் ஒருவருக்குச் சொந்தம்’ என்று ஒரு காவல் எம்பிஆரும் இருக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். அந்த 300 ஜிபி வீடியோக்களையும் வேறொரு தட்டில் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியில் நாலைந்து கோப்புகளைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பெயர் தெரிகிறது என்பது கோப்பு நலமாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. பிறகு விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் புதிய தட்டில் உள்ள பகுதியை நீக்குங்கள். தட்டின் எண் எழுதியிருக்கும் இடது பக்கப் பெட்டியில் வலது கிளிக் செய்தால் ‘கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க்’ என்ற தெரிவு இப்போது உயிரோடு இருக்கும். பகுதி ஏதும் மிச்சம் இருந்தால் அது மங்கலாகவே கிடக்கும், இதனால்தான் பலர் அதைக் கண்டதே இல்லை. மாற்றியதும் 3726 ஜிபியும் ஒரே துண்டாக வரும். என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் 7 தன் சொந்தத் தட்டிலிருந்து ஏறுவதால், பழைய பயோஸ் என்ற பயம் வேண்டாம். ஜிபிடி தட்டிலிருந்தே விண்டோஸை ஏற்ற வேண்டும் என்றால்தான் பயோஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ தேவை. வீடியோ வைக்கிற தட்டுக்கு அது தேவை இல்லை.

ஜிபிடி ஆக்கிய பிறகும் முழு அளவு வராமல், தட்டே மொத்தம் 1678 ஜிபிதான் என்று காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது சுற்றி வருகிற வகை: 3726இலிருந்து 2048ஐக் கழித்த மிச்சம். தட்டைக் கவனிக்கும் பழைய டிரைவர் மென்பொருள் 32 பிட்டில் வெட்டுகிறது என்று பொருள். மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரைப் போட்டால் சரியாகிவிடும். போடும் வரை ஒரு கோப்பும் எழுத வேண்டாம். 3 டெராபைட் தட்டுகளில் இதே கோளாறு 746 ஜிபி என்று காட்டும். என் முதலாளி தட்டைத் தொடாமலே எண்ணைக் கேட்டது இதற்குத்தான். 504, 8.4, 33.8, 137, 746 என்று எண்ணைச் சொன்னால் போதும், எந்த வக்கடை என்று தெரிந்துவிடும். எந்தக் கணக்கிலும் பொருந்தாத எண் வந்தால்தான் தட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

மாமாவிடம் எக்ஸ்பி போட்ட எடிட்டிங் கணினி ஏதாவது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், ஜிபிடி ஆக்கிய தட்டை அதில் மாட்ட வேண்டாம். 32 பிட் எக்ஸ்பிக்கு ஜிபிடி வாசிக்கத் தெரியாது.

வீடியோத் தொழிலில் இருக்கிறீர்கள் என்பதால் இன்னொன்று. கடற்கரை ஊர்களில் யூஎஸ்பி பெட்டித் தட்டுகளின் மின் துளை உப்புக் காற்றில் துருப்பிடித்துப் போகும். திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒருவர் அப்படி ஒரு 3 டெராபைட் பெட்டியை உடைத்து, உள்ளே இருந்த தட்டை நேரடியாகக் கணினியில் மாட்டியிருந்தார். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டது. நல்ல காலம், இல்லை என்று அழுத்திவிட்டு என்னிடம் வந்தார். தட்டுக்கு எந்தக் கேடும் இல்லை. எக்ஸ்பி கணினிகளிலும் ஓட வேண்டும் என்பதற்காக, அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்ன சர்க்கிட் எட்டு செக்டர்களை ஒன்றாகக் கட்டி, ஒரு செக்டர் 4096 பைட் என்று கணினியிடம் சொல்லியிருக்கிறது. எம்பிஆரின் 32 பிட்டை வைத்துக்கொண்டே எட்டு மடங்கு தூரம் போகும் தந்திரம். அட்டவணையில் ‘தொடக்கம் 256’ என்றிருந்தது. பெட்டியோடு மாட்டினால் அது 256 தடவை 4096, அதாவது 1 எம்பி தள்ளி. நேரடியாக மாட்டினால் 256 தடவை 512, அதாவது 128 கேபி தள்ளி. விண்டோஸ் போய்த் தட்டியது வேறு வீட்டுக் கதவை. அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தட்டை உள்ளே வைத்ததும் எல்லாக் கல்யாணங்களும் திரும்பி வந்தன.

கேட்காமலே சொல்கிறேன், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பென்டிரைவில் பெரிய வீடியோ ஏற மறுத்தால் அதுவும் இதே குடும்பம்தான். ஃபேட்32இல் கோப்பின் நீளத்தை எழுத 32 பிட்தான், ஆகவே ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்து கொடுங்கள். பழைய டிவி வைத்திருப்பவர் என்றால் வீடியோவைத் துண்டாக்கிக் கொடுப்பதே பத்திரம். ‘2 டெராபைட்’ என்று மலிவு விலையில் கைபேசி விளம்பரத்தில் வரும் பென்டிரைவ்களை மட்டும் தொடாதீர்கள். உள்ளே சில ஜிபி சிப்தான் இருக்கும். அளவைப் பொய்யாகச் சொல்லிவிட்டு, சிப் நிரம்பியதும் வருவதை எங்கோ போட்டு விடும், அல்லது சுற்றி வந்து முதல் வீடியோவின் மேல் எழுதும். முழுதாக நிரப்பித் திரும்ப வாசித்துச் சோதிக்கும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாமாவின் சந்தேகம் அங்கே செல்லும்.

உங்கள் புதிய தட்டையும் கல்யாணங்களை ஏற்றுவதற்கு முன் அப்படி ஒருமுறை நிரப்பிச் சோதியுங்கள். 4 டெராபைட் நிரம்ப அரை நாளுக்கு மேல் பிடிக்கும், வாசித்துச் சரிபார்க்க இன்னொரு அவ்வளவு. கரண்ட் போகாத நாளாகப் பார்த்து மாலையில் தொடங்கிவிடுங்கள்.